பழைய வேக்குவம் கிளீனர்: மொசைக் தரைக்கு ஒன்று, கம்பளத்துக்கு ஒன்றா?

மொசைக்வாசி

எங்கள் வீடு கோவையில், 80களில் கட்டியது, எல்லா அறையிலும் மொசைக் தரை. ஹாலில் மட்டும் பெரிய கம்பளம் ஒன்று கிடக்கிறது, நல்ல கனமானது. கையில் இரண்டு பழைய மெஷின்கள் இருக்கின்றன. ஒன்று அப்பா அந்தக் காலத்தில் வாசலுக்கு வந்த விற்பனையாளரிடம் வாங்கிய யூரோகிளீன், நீளக் குழாய் வைத்து பின்னாலேயே இழுத்துக்கொண்டு போகும் வகை. இன்னொன்று இங்கிலாந்தில் வேலை பார்த்துவிட்டுத் திரும்பிய பெரியம்மா சாமான்களோடு கொண்டுவந்த ஹூவர் ஜூனியர், நிமிர்ந்து நிற்கும், முதுகில் துணிப்பை தொங்கும். இரண்டும் இன்னும் ஓடுகின்றன.

விஷயம் என்னவென்றால், ஜூனியரைக் கம்பளத்தில் ஓட்டினால் பையில் கொத்தாக மண் வருகிறது, பார்க்கவே பயமாக இருக்கிறது. அதே மெஷினை மொசைக்கில் ஓட்டினால் மணல் பின்னால் தெறித்து என் கணுக்காலில் அடிக்கிறது, பாதிதான் உள்ளே போகிறது. யூரோகிளீன் இதற்கு நேர் எதிர். மொசைக்கைத் துடைத்து வைத்ததுபோல ஆக்கிவிடும், கம்பளத்தில் மேலாக இருக்கும் முடியையும் நூலையும் எடுப்பதோடு சரி. மெஷின் பழசானதால் இப்படியா, இல்லை ஆரம்பத்திலிருந்தே இப்படித்தானா? வீட்டில் இரண்டையும் எடைக்குப் போடச் சொல்கிறார்கள், அதனால் கொஞ்சம் சீக்கிரம் சொல்லுங்கள்.

துடைப்பக்கட்டை

மொசைக் தரைக்குப் பூந்துடைப்பம், அப்புறம் ஈர மாப்பு. கரண்ட் செலவில்லை, சத்தமும் இல்லை. இதற்குப் போய் ஒரு விவாத இழை.

பெல்ட்போச்சு

துடைப்பக்கட்டைக்கு வணக்கம், ஹாலில் கம்பளம் இருக்கிறது என்று எழுதியிருக்கிறாரே, அதையும் ஒருமுறை படியுங்கள்.

மொசைக்வாசி, நான் லண்டனில் இந்தப் பழைய ஹூவர்களைப் பிரித்து மாட்டுவதையே பொழுதுபோக்காக வைத்திருப்பவன். உங்கள் ஜூனியருக்கு எந்தக் கேடும் இல்லை, அது செய்ய வேண்டியதைத்தான் செய்கிறது. அந்த மெஷின் பிறந்ததே கம்பளத்துக்காக. அடியில் பார்த்தால் ஒரு உருளை இருக்கும், அதில் முடி பிரஷும், அதற்கு நடுவே உலோகப் பட்டையும் இருக்கும். உருளை சுற்றும்போது பட்டை கம்பளத்தைத் தட்டும், பிரஷ் சீவும், காற்று இழுக்கும். தட்டுவதற்குத் தனியாக ஒரு பட்டை வைக்கும் இந்த ஏற்பாட்டை ஹூவர் 1926இல் மாடல் 700இல் கொண்டுவந்தது. கம்பளத்தில் நிஜமான அழுக்கு மேலே தெரியும் தூசி இல்லை, இழைகளின் வேரில் உட்கார்ந்திருக்கும் மணல்தான். நாம் மிதிக்க மிதிக்க அது இழையை அறுத்துக்கொண்டே இருக்கும். வெறும் உறிஞ்சலுக்கு அந்த மணல் அசையாது, தட்டிக் கிளப்பினால்தான் மேலே வரும். உங்கள் யூரோகிளீன் கம்பளத்தில் தோற்பதற்கு இதுதான் காரணம், அதன் தலையில் சுற்றுகிற உருளையே கிடையாது.

மொசைக்கில் கதை திரும்பிவிடுகிறது. அங்கே தட்டிக் கிளப்ப ஒன்றும் இல்லை. மணல் தரைமேல் சும்மா கிடக்கிறது, நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கில் சுற்றும் பிரஷ் அதைத் தொட்டதும் காற்று பிடிப்பதற்கு முன்பே அது பறந்துவிடுகிறது. கம்பளத்தில் மெஷினின் வாய் இழைக்குள் கொஞ்சம் அமிழ்ந்து மூடிக்கொள்ளும், கெட்டியான தரையில் வாய்க்கும் தரைக்கும் நடுவே சந்து விழுகிறது. அந்தச் சந்து வழியாகத்தான் உங்கள் கணுக்காலுக்கு அடி.

வைண்டிங்கடை

நான் மோட்டார் காயில் கட்டுகிறவன். மேலே சொன்னது சரி, அதோடு ஒன்று சேர்க்கிறேன். ஜூனியர் மாதிரியான மெஷினில் அழுக்கு முதலில் ஃபேன் வழியாகப் போய் அப்புறம்தான் பைக்குப் போகும். யூரோகிளீன் வகையில் அழுக்கு பையில் நின்றுவிடும், சலித்த காற்று மட்டும் ஃபேனுக்கும் மோட்டாருக்கும் போகும். முதல் வகையில் பிரஷிலிருந்து ஃபேனுக்குத் தூரம் மிகக் குறைவு, அதனால் சின்ன மோட்டாரே நிறைய காற்றை நகர்த்தும். இரண்டாவது வகையில் நீளக் குழாயைத் தாண்டி இழுக்க வேண்டியிருப்பதால் வலுவான உறிஞ்சல் வேண்டும், மோட்டார் பெரியதாக, வேகமாகச் சுற்றுவதாக இருக்க வேண்டும். முதல் வகையில் கல்லோ ஒரு ரூபாய் நாணயமோ உள்ளே போனால் நேரே ஃபேன் இறக்கையில் மோதும், 'டங்' என்று கேட்கும். இறக்கை நுனி உடைந்தால் சமநிலை போய்விடும், மெஷின் ஆடும், தண்டைத் தாங்கும் புஷ் தேயும். கேட்டால் பழசானதால் ஆடுகிறது என்பார்கள்.

இரண்டாயிரம்வாட்

கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் அந்த ஜூனியர் எத்தனை வாட்? 500கூட இருக்காது. இன்று கடையில் 1400, 1800, 2000 என்று கிடைக்கிறது. நாலு மடங்கு பவர் உள்ள மெஷினைவிட ஐம்பது வருடத்துக்கு முந்தைய மெஷின் நன்றாகச் சுத்தம் செய்கிறது என்பது பழைய பொருள் பித்து, வேறொன்றும் இல்லை.

பெல்ட்போச்சு

வாட் என்பது சுவரிலிருந்து மெஷின் எடுத்துக்கொள்ளும் மின்சாரம், தரையிலிருந்து எடுக்கும் அழுக்கு இல்லை. இந்தக் குழப்பம் உங்களுக்கு மட்டும் இல்லை, ஐரோப்பா முழுக்க இருந்தது. கம்பெனிகள் அட்டைப்பெட்டியில் பெரிய எண்ணைப் போட்டு விற்றன, வாங்குபவர்களும் எண்ணைப் பார்த்தே வாங்கினார்கள். அப்புறம் ஐரோப்பிய ஒன்றியம் 2014 செப்டம்பரில் 1600 வாட் என்று உச்சவரம்பு வைத்தது, 2017 செப்டம்பரில் அதை 900 ஆக்கி, சத்தமும் 80 டெசிபெலுக்கு மேல் போகக் கூடாது என்றது. அன்றைக்கு இங்கே பத்திரிகைகளில் ஒரே கூப்பாடு, இனி தரையே சுத்தமாகாது என்று கடைசி நாள் வரை பெரிய வாட் மெஷின்களை வாங்கிக் குவித்தார்கள். இப்போது 900க்குள் இருக்கும் மெஷின்கள் நன்றாகவே வேலை செய்கின்றன. தலையின் வடிவம், குழாயில் எங்கே காற்று கசிகிறது, பை எவ்வளவு நிறைந்திருக்கிறது, பிரஷ் சுற்றுகிறதா என்பதெல்லாம் வாட்டைவிடப் பெரிய விஷயங்கள்.

இரண்டாயிரம்வாட்

அப்படியென்றால் இங்கிலாந்துக் கண்டுபிடிப்பாளர் டைசன் ஏன் பை இல்லாத மெஷின் செய்தார்? அவர் வீட்டில் இருந்ததும் ஹூவர் ஜூனியர்தான் என்று படித்திருக்கிறேன். உறிஞ்சல் குறைந்துகொண்டே போனதால்தானே அவர் கோபப்பட்டு 5127 மாதிரிகள் செய்து பார்த்தார்?

பெல்ட்போச்சு

இது நல்ல கேள்வி, இதில் உங்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. பையின் துணியோ காகிதமோ சல்லடை வேலை செய்கிறது, நுண்ணிய தூசி அதன் கண்களை அடைத்துவிட்டால் காற்று போக வழியில்லை. பை பாதிகூட நிறைந்திருக்காது, உறிஞ்சல் விழுந்திருக்கும். பழைய மெஷின்களின் நிஜமான பலவீனம் இது. டைசன் மரம் அறுக்கும் ஆலைகளில் இருக்கும், காற்றைச் சுழற்றித் தூசியைப் பிரிக்கும் சைக்ளோனைச் சின்னதாக்கி, கடைசியில் 1993இல் டிசி01 என்ற மெஷினைக் கொண்டுவந்தார். ஆனால் அதில் கிடைத்தது உறிஞ்சல் குறையாமல் இருப்பது. கம்பளத்தைத் தட்டுவதில் ஜூனியர் எந்த விதத்திலும் அதற்குக் குறைந்ததில்லை. அப்புறம் சைக்ளோன் வைத்தால் பராமரிப்பே வேண்டாம் என்று நினைப்பவர்களுக்கு, அதிலும் ஃபில்டர் இருக்கிறது, கழுவாவிட்டால் அதுவும் அடைக்கும்.

ஸ்கார்பரோ

கனடாவில் இருந்து எழுதுகிறேன். இங்கே வீடு முழுக்க கார்ப்பெட், ஆறு மாதம் பனி, சப்பாத்தோடு உப்பும் மணலும் உள்ளே வந்துவிடும். என்னிடம் பழைய கிர்பி ஒன்று இருக்கிறது, பழைய சாமான் விற்கும் இடத்தில் சொற்ப விலைக்கு வாங்கினது. முழுக்க அலுமினியம், தூக்கினால் தோள் கழன்றுவிடும், மாடிப்படியில் அதைக் கொண்டுபோவது தனித் தண்டனை. ஆனால் கார்ப்பெட்டில் அதை மிஞ்ச ஒன்றையும் நான் பார்க்கவில்லை. இதுவும் அழுக்கு ஃபேன் வழியாகப் போகும் வகைதான். முன்பக்கம் கால் வைத்து மிதிக்க ஒரு பெடல் உண்டு, அதால் வாயின் உயரத்தைக் கூட்டலாம் குறைக்கலாம். ஆட்கள் அதை ஒரே உயரத்தில் விட்டுவிட்டு மெஷின் சரியில்லை என்கிறார்கள். முதலில் நன்றாக உயர்த்தி வைத்துக்கொண்டு, ஓடும்போதே ஒவ்வொரு படியாக இறக்க வேண்டும், பிரஷ் கார்ப்பெட்டைத் தொடும் சத்தம் மாறும், அந்த இடத்தில் நிறுத்திவிட வேண்டும். அதற்கும் கீழே இறக்கினால் பிரஷைச் சுற்றும் பெல்ட் வழுக்கும், ரப்பர் கருகும் மணம் வரும்.

கிச்சனில் டைல்ஸ். அங்கே கிர்பி ஓட்டுவதே இல்லை, தும்புத்தடியால் கூட்டிவிடுவேன். துடைப்பக்கட்டை அண்ணை சந்தோஷப்படலாம்.

துடைப்பக்கட்டை

பட்டுவிட்டேன்.

தூசிஅலர்ஜி

யாரும் பேசாத விஷயம் ஒன்றைச் சொல்கிறேன். எங்கள் வீட்டில் குழந்தைக்கு வீசிங். மாமனார் வீட்டில் இருந்த துணிப்பை மெஷினை ஓட்டினால் தரை பளபளவென்று இருக்கும், அரை மணி நேரம் கழித்துக் குழந்தை இழுக்க ஆரம்பிக்கும். ஜன்னல் வழியாக வெயில் விழும் நேரத்தில் பார்த்தால் அந்தத் துணிப்பையைச் சுற்றிப் புகை மாதிரி தூசி நிற்கும். தரையில் இருந்த தூசியைக் காற்றில் கலந்துவிட்டு, தரை சுத்தம் என்று சொல்வது எந்த ஊர் நியாயம்? அதைவிட மோசம் பையை உதறுவது. வாசலில் நின்று உதறினாலும் பாதி மூக்குக்குள் போகிறது. மணலை எடுப்பதை மட்டும் வைத்து மார்க் போடாதீர்கள்.

வைண்டிங்கடை

நூற்றுக்கு நூறு சரி. இதில் ஒரு வேடிக்கை, இந்த வகை மெஷினைக் கண்டுபிடித்த ஸ்பாங்லருக்கே ஆஸ்துமா. அமெரிக்காவில் ஒஹையோ மாநிலம் கேன்டன் நகரத்தில் ஒரு பெரிய கடையில் துப்புரவு வேலை, கம்பளம் கூட்டும் தூசி அவருக்கு ஒத்துக்கொள்ளவில்லை. ஃபேன் மோட்டார், துடைப்பக் கைப்பிடி, தலையணை உறை, இவற்றை வைத்து ஒரு மெஷின் கட்டி 1908இல் பேடன்ட் வாங்கினார். அதைத்தான் பக்கத்து ஊரில் தோல் சாமான்கள் செய்துகொண்டிருந்த ஹூவர் குடும்பம் வாங்கி விற்றது. தலையணை உறை எவ்வளவு தூசியை நிறுத்தியிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். துடைப்பத்துக்கு அது எவ்வளவோ மேல், இன்றைய ஃபில்டருக்கு முன்னால் ஒன்றுமே இல்லை.

பெல்ட்போச்சு

தூசிஅலர்ஜி சொல்வதற்கு மாற்று வழி உண்டு. பழைய மெஷினில் பழைய பையைத்தான் போட வேண்டும் என்று சட்டமில்லை. வெளித் துணிப்பைக்குள் காகிதப் பையோ, இப்போது வரும் பல அடுக்கு செயற்கை இழைப் பையோ மாட்டும்படி பல மாடல்களுக்கு இணைப்பு கிடைக்கிறது. கிர்பிக்கு மிகச் சுலபம். ஜூனியருக்குக் கொஞ்சம் தேட வேண்டும். செயற்கை இழைப் பை மாட்டினால் வெளியே வரும் தூசி கண்ணுக்குத் தெரியும் அளவுக்குக் குறையும், பை சீக்கிரம் அடைப்பதும் குறையும். ஆனாலும் மெஷினின் மற்ற மூட்டுகளில் ரப்பர் காய்ந்து கசிவு இருக்கும், அதனால் வீசிங் இருக்கும் வீட்டில் நான் பழைய மெஷினைச் சிபாரிசு செய்ய மாட்டேன். நல்ல சீல் உள்ள, நுண்ணிய தூசியையும் பிடிக்கும் ஹெப்பா ஃபில்டர் வைத்த புதிய மெஷின்தான் அங்கே சரி.

வேட்டியும்வேக்குவமும்

யூரோகிளீன் என்றதும் எனக்கு அந்த டெமோதான் ஞாபகம் வருகிறது. அதை விற்ற யுரேகா ஃபோர்ப்ஸ் 1982இல் சுவீடனின் எலக்ட்ரோலக்ஸோடு கூட்டாக ஆரம்பித்த கம்பெனி. வீடு வீடாகப் போய் ஓட்டிக் காட்டி விற்பது எலக்ட்ரோலக்ஸின் பழைய வழி, 1920களிலேயே அதன் நிறுவனர் வென்னர்கிரென் ஐரோப்பாவில் அப்படித்தான் விற்றார். கோடை வெயிலிலும் டை கட்டிக்கொண்டு வருவார்கள். நம் வீட்டு மெத்தைமேல் மெஷினை ஓட்டி, நடுவில் வைத்த வெள்ளைத் துணியை எடுத்துக் காட்டுவார்கள், சாம்பல் நிறத்தில் வட்டமாகத் தூசி. அம்மாவுக்கு அவமானம் தாங்காது, அப்பா செக் எழுதிவிடுவார்.

என் சந்தேகம், அந்த டெமோவில் எவ்வளவு உண்மை?

பெல்ட்போச்சு

தூசி உண்மை, ஒப்பீடுதான் பொய். எந்த மெத்தையிலும் எந்த மெஷின் ஓட்டினாலும் வெள்ளைத் துணி கறுக்கும். ஒரு மெஷின் ஓட்டிய இடத்தில் இன்னொன்றை ஓட்டினால் அதுவும் கொஞ்சம் எடுக்கும், அதே முதல் மெஷினைத் திரும்ப ஓட்டினாலும் எடுக்கும். கம்பளம் ஒரே தடவையில் காலியாகிவிடும் பொருள் இல்லை. நியாயமாக அளக்க வேண்டுமென்றால் தெரிந்த அளவு அழுக்கைப் போட்டு, எடுத்ததை எடை போட வேண்டும். அமெரிக்காவில் ஏஎஸ்டிஎம் எஃப்608 என்று ஒரு சோதனை முறையே இருக்கிறது, 90 பங்கு மணல், 10 பங்கு டால்கம் தூள், கம்பளத்தில் தூவி உருளையால் அழுத்தி உள்ளே இறக்கிவிட்டு அப்புறம் மெஷினை ஓட்டுவார்கள். வீட்டில் அதே துல்லியம் வராது, ஆனால் ஒரு கிச்சன் தராசு போதும். மொசைக்வாசி, செய்து பாருங்களேன். சலித்த ஆற்று மணலைக் காய வைத்துப் போடுங்கள். டால்கம் வேண்டாம், துணிப்பையில் அது நிற்காது, வீடு முழுக்கப் பவுடர் வாசனைதான் மிஞ்சும்.

கோலமாவு

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும், பழைய மெஷினில் கோலமாவு, சிமெண்ட் தூசி, சுண்ணாம்பு எடுக்கலாமா? பெயின்ட் வேலை நடந்த வீடு.

வைண்டிங்கடை

கூடவே கூடாது. பை உடனே அடைக்கும், அடைபடாமல் தப்பியது மோட்டாருக்குள் போய், கார்பன் உரசும் செம்பு வளையமான கம்யூட்டேட்டரில் படியும். யூரோகிளீன் வகையில் மோட்டார் குளிர்வதே பையைத் தாண்டி வரும் அந்தக் காற்றால்தான், காற்று நின்றால் சூடேறி காயில் வார்னிஷ் கருகும். பெயின்ட் வேலை முடிந்த வீட்டுக்குத் தொழிற்சாலை வகை மெஷினை வாடகைக்கு எடுங்கள், இல்லையென்றால் தண்ணீர் தெளித்துக் கூட்டுங்கள்.

மொசைக்வாசி

பெல்ட்போச்சு சொன்னபடி செய்து பார்த்தேன். கம்பளத்தின் ஒரு ஓரத்தில் மணலை எடை போட்டுத் தூவி, சப்பாத்திக் கட்டையால் உருட்டி இறக்கினேன் (வீட்டில் யாரும் பார்க்கவில்லை). ஜூனியர் ஓட்டி, பையிலிருந்து வந்ததை எடை போட்டால் போட்டதில் முக்கால் பாகத்துக்கு மேல். பக்கத்தில் இன்னொரு பட்டையில் யூரோகிளீன், பாதிகூட வரவில்லை. அதே பட்டையில் மறுபடி ஜூனியரை ஓட்டினேன், விட்டுப்போனது நிறைய வந்தது.

மொசைக்கில் யூரோகிளீன் கிட்டத்தட்ட எல்லாவற்றையும் எடுத்துவிட்டது, தலையில் இருக்கும் பிரஷ் முடியைக் கீழே இறக்கிவிட்டு ஓட்டினேன். ஜூனியர் சுவரோரத்தில் மணலை வரிசையாகக் குவித்து வைத்திருக்கிறது. தரைக்குத் தகுந்த மெஷின் என்று வீட்டில் சொல்லிவிட்டேன். ஆனால் ஜூனியரைத் தொட்டபோது கையில் லேசாகச் சுள்ளென்றது, வயர் வெடித்திருக்கிறது. இதற்கு என்ன செய்வது?

வைண்டிங்கடை

இதை முதல் பதிவிலேயே எழுதியிருக்க வேண்டும் சார். உடனே பிளக்கைப் பிடுங்கி வைத்துவிடுங்கள், சரிசெய்யும் வரை ஓட்டாதீர்கள். இங்கிலாந்திலும் வோல்டேஜ் நம் ஊரைப் போலத்தான், அதனால் டிரான்ஸ்ஃபார்மர் வேண்டாம். அமெரிக்க மெஷின் என்றால் 120 வோல்ட், கட்டாயம் வேண்டும், அதுவும் மெஷின் இழுப்பதைவிடப் பெரியதாக. உங்கள் பிரச்சினை வேறு. பழைய ரப்பர் வயர் காய்ந்து வெடித்துவிடும், மடங்குகிற இடத்தில், கைப்பிடிக்குள் நுழைகிற இடத்தில் முதலில் போகும். ஒட்டு டேப் சுற்றி ஓட்டாதீர்கள், முழு வயரையும் மாற்றுங்கள். மாற்றும்போது மூன்று விஷயம் கவனிக்கச் சொல்லுங்கள். 1960களின் கடைசிக்கு முந்தைய இங்கிலாந்து வயரில் சிவப்புதான் லைன், கறுப்பு நியூட்ரல், பச்சை எர்த். அப்புறம் வந்ததில் பிரவுன், நீலம், பச்சையும் மஞ்சளும். மெஷினின் உடம்பில் உலோகம் இருந்து எர்த் கொடுத்த மாடல் என்றால் எர்த் திரும்பவும் உடம்போடு சேர்ந்தே ஆக வேண்டும். அவர்கள் ஊர்ப் பிளக்குக்குள்ளேயே சின்ன ஃபியூஸ் ஒன்று இருக்கும், நம் ஊர்ப் பிளக்கில் அது கிடையாது. அந்தப் பாதுகாப்பு போய்விடுவதால் தனி ஃபியூஸ் உள்ள பாயின்ட்டில் மாட்டுவது நல்லது.

மோட்டாரின் சுற்றும் பாகத்துக்கு மின்சாரம் கொடுக்கும் கார்பன் தேய்ந்திருந்தால் கவலை வேண்டாம். இதுவும் மிக்ஸியில் இருக்கும் அதே ஜாதி மோட்டார்தான், நல்ல மிக்ஸி மெக்கானிக்கிடம் போனால் அளவு பார்த்து ராவி மாட்டிக் கொடுப்பார். பெரிய சர்வீஸ் சென்டர்களுக்கு எடுத்துப் போகாதீர்கள். ஒரு இடத்தில் பழைய மெஷினைப் பார்த்ததும் 'பார்ட்ஸ் இல்லை' என்று சொல்லிப் புதியதன் விலைப்பட்டியலை நீட்டினார்கள், அந்த மெஷினுக்கு வேண்டியிருந்தது ஒரு ஜோடி கார்பன் மட்டுமே.

பெல்ட்போச்சு

வயர் வேலை முடிந்ததும் பெல்ட்டையும் மாற்றிவிடுங்கள். ரப்பர் பெல்ட் அறுந்தால்தான் மாற்ற வேண்டும் என்று நினைப்பார்கள், அறுவதற்கு வெகுநாள் முன்பே அது நீண்டு தளர்ந்துவிடும். உருளை சுற்றுவதுபோலத் தெரியும், கம்பளத்தில் வைத்ததும் நின்றுவிடும். உங்கள் ஜூனியர் முக்கால் பாகம் எடுத்தது என்றால் புதுப் பெல்ட்டில் இன்னும் கூடும். மாட்டும்போது எந்தப் பக்கம் முறுக்க வேண்டும் என்று அடியில் அம்புக்குறி இருக்கிறதா பாருங்கள், இப்படி நிமிர்ந்து நிற்கும் பல மெஷின்களில் தப்பாக முறுக்கினால் உருளை எதிர்ப்பக்கம் சுற்றும், மணலை எல்லாம் முன்னால் தள்ளும். உருளையில் சுற்றியிருக்கும் தலைமுடியைக் கத்தரிக்கோலால் நீளவாக்கில் வெட்டி எடுங்கள், இரண்டு முனையிலும் மூடியைக் கழற்றி அங்கே சேர்ந்த முடியையும். அப்புறம் பிரஷ் முடியின் உயரம். ஒரு அட்டையை வாயின் குறுக்கே வைத்தால் முடி அதைத் தொட வேண்டும். தொடவில்லை என்றால் தேய்ந்துவிட்டது, எவ்வளவு ஓட்டினாலும் பட்டை மட்டும்தான் வேலை செய்யும்.

இங்கே லண்டனில் பெரிவேலில் ஹூவர் தொழிற்சாலை இருந்த கட்டடம் 1930களில் கட்டியது, இன்றும் வெள்ளையாக நிற்கிறது. பின்பக்கம் சூப்பர் மார்க்கெட், முன்பக்கத்தை அடுக்கு வீடுகளாக்கிவிட்டார்கள். பெல்ட் இன்னும் ஆன்லைனில் சுலபமாகக் கிடைக்கிறது, மாடல் எண்ணைப் பார்த்து வாங்குங்கள். எண் அடிப்பக்கத் தகட்டில் இருக்கும்.

இரண்டாயிரம்வாட்

சரி, கம்பளத்தில் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கம்பளமே இல்லாத வீட்டுக்கு ஜூனியரால் பைசா பிரயோஜனம் இல்லை என்பதை நீங்களும் ஒப்புக்கொள்ளுங்கள்.

பெல்ட்போச்சு

ஒப்புக்கொள்கிறேன். ஆத்தங்குடி கல், ரெட் ஆக்சைடு தரை உள்ள வீட்டில் அதை ஓட்டவே வேண்டாம், உலோகப் பட்டையும் சிக்கிய கல்லும் சேர்ந்து கீறல் போட்டுவிடும்.

ஸ்கார்பரோ

மொசைக்வாசி, எடைக்குப் போடுவதாக இருந்தால் எனக்குச் சொல்லுங்கள், அடுத்த வருடம் ஊர்ப்பக்கம் வரும்போது எடுத்துக்கொள்கிறேன்.

மொசைக்வாசி

இங்கேயிருந்து தூக்கிக்கொண்டு போய் அங்கே டிரான்ஸ்ஃபார்மர் வைத்து ஓட்டப் போகிறீர்களா? தருவதாக இல்லை. மிக்ஸி கடைக்காரர் சனிக்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்.